வயிற்றில் பெயர் இல்லாத பூதம்

முத்தாலங்கோட்டை பேருந்து நிலையத்தில் பூதம் வந்து நின்ற காலையில் யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை, கோயில் மணியை யாரும் அடிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பூதத்தை அந்த ஊருக்குப் பல வருஷங்களாகத் தெரியும். வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறிய அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர்கள் வடை தின்றிருக்கிறார்கள், அதன் கொம்பையும் கோரைப்பல்லையும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டிருக்கிறார்கள், மழைக்காலத்தில் அதன் தொந்தியை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகியிருக்கிறார்கள். முதல் வண்டியை எடுக்க வந்த ஓட்டுநர் மாசானமுத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏல, இது நம்ம தளவாய் அண்ணாச்சி பூதம்லா" என்றார். நடத்துநர், "ஆமா, நேருல கொஞ்சம் இளைச்சாப்ல இருக்கு" என்றார். வண்டியைப் பின்னால் எடுக்க இடம் போதாததால் விசில் ஊதி அதைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அதுவும் தள்ளி நின்றது.

பாதிப் பனை உயரம் இருந்தது. தோல் செய்தித்தாளின் நிறம். உடம்பெல்லாம் கறுப்புக் கோடுகள். கோடும் கோடும் குறுக்கே ஓடிய இடமெல்லாம் நிழலாக இருந்தது. முதுகில், தாளின் மறுபக்கத்து அச்சு ஊறித் தெரிவதைப் போல, இடம் வலம் மாறிய எழுத்துகள் மங்கலாக ஓடின. நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தகம் வைத்திருந்த இசக்கிமுத்துவின் கண்ணாடியில் மட்டும் அவை நேராகத் தெரிந்தன. அவர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து ஒரு கல்யாண மண்டப விளம்பரத்தையும் ஒரு கண்ணீர் அஞ்சலியையும் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் இடத்தின் முகவரியையும் உரக்க வாசித்தார், கடைக்கு வெளியே நின்றவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் ஊருக்கு இடறியது. எப்போதும் அந்தப் பூதத்தின் வயிற்றில் ஒரு வார்த்தை இருக்கும். விலைவாசி என்று இருக்கும், மின்வெட்டு என்று இருக்கும், வறட்சி என்று இருக்கும், லஞ்சம் என்று இருக்கும். இப்போது வயிறு வெறுமையாக, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. பூக்கட்டும் சண்பகம் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வயித்தில ஒண்ணும் எழுதலயே. இப்பம் இதப் பாத்து நாம என்னன்னு நெனச்சுப் பயப்படணும்?"

தளவாய் 'அந்திச்சங்கு' என்ற மாலைத்தாளில் கேலிச்சித்திரம் வரைகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், கூன் விழத் தொடங்கியவர், தூரிகையைக் காதில் செருகியிருப்பதை மறந்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர். அவருடைய வேலைமுறை எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து அந்த வாரத்துக்கு வேண்டிய பூதங்களை எல்லாம் வெறும் வயிற்றோடு வரைந்து அடுக்கிவிடுவார். தினமும் மதியம் அச்சகத்திலிருந்து ஆசிரியர் ஆவுடையப்பன் தொலைபேசியில் அன்றைய வார்த்தையைச் சொல்லுவார். தளவாய் அதை ஒரு பூதத்தின் வயிற்றில் எழுதி மேசையில் வைப்பார். அச்சகத்துப் பிச்சையா சைக்கிளில் வந்து எடுத்துப்போவார். பூதம் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, தளவாயின் மனைவி கோமுவுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தொலைபேசி மணி அடித்தது அவர் காதில் விழவில்லை. பிச்சையா வந்தார், மேசையிலிருந்த பூதத்தை வழக்கம்போல எடுத்துப்போனார்; ஆவுடையப்பன், தளவாய் ஏதோ பெரிதாக யோசித்துத்தான் வயிற்றைக் காலியாக விட்டிருக்கிறார் என்று நினைத்து அப்படியே அச்சுக்கு விட்டார். யாருடைய தப்பும் இல்லை. ஆனால் பெயரில்லாமல் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பூதம், தான் யார் என்று தெரிந்துகொள்ள எழுந்து வந்துவிட்டது.

தோளில் துண்டோடு தளவாய் வந்து நின்றபோது பூதம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் அதன் காலைப் பார்த்தார். இடது காலில் ஒரு விரல் குறைந்திருந்தது; அவசரத்தில் வரைந்தது. தாளில் யாருக்கும் தெரியாத தப்பு இப்போது திண்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்ததில் அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் அது லேசாக நொண்டுகிறது என்பதும் அவருக்கு மட்டும் புரிந்தது.

அந்த முகம் அவர் தானாகக் கண்டுபிடித்ததல்ல. வாலிபத்தில், நகராட்சி நூலகத்தின் பின்னறையில் பூச்சி அரித்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தொகுதிகள் கிடந்தன. அவற்றைப் பார்த்துத்தான் பூதம் வரையக் கற்றார். ஒரு நாட்டுக்காரன் எதிரி நாட்டை எட்டுக் கை ஆக்டோபஸாக வரைந்திருப்பான், கைக்கொரு தேசத்தை அது பிடித்திருக்கும்; சில வருஷங்கள் தள்ளிய இன்னொரு தொகுதியில் அந்த எதிரி நாட்டுக்காரன் இவன் நாட்டை அதே ஆக்டோபஸாக வரைந்திருப்பான். காலராவுக்குப் போட்ட அதே எலும்புக் கையை, கப்பலில் வந்திறங்கிய ஏழைகளுக்கும் போட்டிருப்பார்கள். விலங்கு ஒன்றுதான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. அந்த ஆக்டோபஸ் யாருக்கு என்ன செய்தது என்று அவர் சில ராத்திரிகளில் யோசித்திருக்கிறார். மறுநாள் மதியம் மணி அடித்ததும் எழுந்துபோய் வார்த்தையை எழுதியிருக்கிறார்.

ஊர் பூதத்துக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. நிழற்குடையின் கூரை பறந்துபோய் நெடுநாளாகியிருந்ததால் பயணிகள் அதன் நிழலில் நின்றார்கள். வெயில் சாயச் சாய நிழலோடு வரிசையும் நகர்ந்தது. நகராட்சி அதற்கு ஒரு வரி எண் கொடுக்கலாமா என்று பேசியது. அது எதையும் தின்னவில்லை, எதையும் கேட்கவில்லை. சண்பகம் மாலைகளை அதன் சுண்டுவிரலில் தொங்கவிட்டு வியாபாரம் செய்தாள். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து அதனிடம் ஊர் பேர் விசாரித்தார். பதில் வராததால் 'விவரம் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்.

பிறகுதான் சாக்பீஸ் வந்தது. பரோட்டாக் கடை மாஸ்டர், கடைப் பலகையில் விலை எழுதிவிட்டு மிச்சமிருந்த துண்டால் விளையாட்டாக அதன் வயிற்றில் 'பசி' என்று எழுதினார். அது திரும்பி அவர் கடையைப் பார்த்தது. அடுக்கியிருந்த பரோட்டா முழுதையும், பிசைந்த மாவையும், மாவு மூட்டையையும், கடைக்கு மேலே கட்டியிருந்த கட்சிக் கொடியையும் தின்றுவிட்டு மாஸ்டரையே ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியபோது யாரோ ஈரச்சாக்கால் வயிற்றைத் துடைத்தார்கள். உடனே அது கொட்டாவி விட்டு நிழற்குடைப் பக்கம் போய் நின்றது. நல்ல வார்த்தை எழுதினால் நல்லது நடக்குமே என்று சண்பகம் 'பாசம்' என்று எழுதிப் பார்த்தாள். அது நிழற்குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டது, தூணில் விரிசல் விழுந்தது. எந்த வார்த்தையை எழுதினாலும் அந்த வார்த்தை கோரைப்பல்லோடுதான் வந்தது.

சிரித்துக்கொண்டிருந்த ஊர் ஒருநாள் சிரிப்பை நிறுத்தியது. மேல்நிலைப் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுப் பிள்ளைகள், கபடியில் தோற்ற ஆத்திரத்தில் வயிற்றில் 'ஒன்பது ஆ' என்று எழுதிவிட்டு ஓடினார்கள். பூதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்த 'ஆ' பிரிவில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் நெற்றிக்கு மேலே, ஆட்டுக்குட்டிக்கு முளைப்பதைப் போல, இரண்டு கொம்பு முளைத்தது. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள், நேற்றுவரை அவர்களோடு ஒரே தட்டில் தின்ற பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். தண்ணீர்க் குழாயிலிருந்து ஒருத்தியைப் போகச் சொன்னார்கள். சாயங்காலம் ஒருவன் கல் எடுத்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "கொம்பு இருக்குல்லா?" என்றான். பள்ளிக்கூடக் காவலாளி ஓடிப்போய் வயிற்றைத் துடைத்த பிறகு கொம்புகள் உதிர்ந்தன. கல் பட்ட பையனின் புருவத்தில் மட்டும் தழும்பு நின்றது. அதற்குப் பிறகு பேருந்து நிலையத்தில் சாக்பீஸுக்குத் தடை போட்டார்கள். பெயின்ட் அடிக்கவும் யாரோ முயன்று பார்த்தார்கள்; சேம்பு இலையில் தண்ணீர் மாதிரி அது உருண்டு வழிந்துவிட்டது. அழியாமல் நிற்கவேண்டுமென்றால் எந்த மையால் அது வரையப்பட்டதோ அந்த மை வேண்டும், தளவாய் வீட்டுச் சீசாவில் இருக்கும் மை.

அதற்குள் காய்ச்சல் ஊரெல்லாம் பரவிவிட்டது. விட்டு விட்டு வந்தது. கோமுவுக்குத் தணிந்து, மறுபடி ஏறியது. அரசு மருத்துவமனைச் செவிலி ஜெபராணி தெருத்தெருவாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னாள். கொதித்த தண்ணீருக்குக் கொம்பும் இல்லை கோரைப்பல்லும் இல்லை என்பதால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஊர் வேறு காரணம் தேடியது, தேடிய கையோடு கிடைத்தும் விட்டது.

ஆற்றங்கரையில் கொஞ்சம் குடிசைகள் இருந்தன. மேலே அணை கட்டியபோது முங்கிப்போன ஊர்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். மீன் பிடித்தார்கள், செங்கல் சுமந்தார்கள். முத்தாலம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாள் மண்டகப்படி உண்டு. அந்த நாள் அம்மனை ஏற்றிக் கொண்டாடும் செலவும் மரியாதையும் அந்தத் தெருவுக்கு. ஆற்றங்கரைக்கு நாள் கிடையாது. காய்ச்சல் அவர்களிடமிருந்துதான் வந்தது என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது தெரியாது. எல்லோரும் இரண்டாவதாகத்தான் சொன்னார்கள்.

ஆற்றங்கரை முத்துப்பேச்சி தலையில் மீன்கூடையோடு தெருவுக்கு வருகிறவள். வருஷக்கணக்காக விலை பேசிப் பேசியே கோமுவுக்குச் சிநேகிதி ஆனவள். கோமு படுத்த நாளிலிருந்து தன் கைக்குழந்தையையும் இடுக்கிக்கொண்டு தினமும் வந்தாள், ஈரத்துணி போட்டாள், கஞ்சி காய்ச்சினாள்.

"அக்கா, வாயத் தொறங்க. கஞ்சிக்கு உங்க மேல என்ன கோவம்?"

"உப்பு கூடிப்போச்சுட்டி."

"நாக்குக்கு உப்பு தெரிஞ்சிட்டுல்லா, அப்பம் பொழச்சுக்கிட்டீங்க."

நகராட்சித் தலைவர் சிதம்பரவேல் ஒருநாள் காலை வெள்ளைச் சட்டை மொடமொடக்க வந்து தளவாயின் எதிரே உட்கார்ந்தார். கூடவே ஆவுடையப்பனும் வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு வார்த்தை. நீரு எழுதாத வார்த்தையா?"

"என்ன வார்த்தை?"

"ஆத்தங்கரை."

தளவாய் காதிலிருந்த தூரிகையை எடுத்து மடியில் வைத்தார். "காய்ச்சல் மொதல்ல வந்தது எங்க வீட்டுக்கு. ஆத்தங்கரைக்கு அதுக்குப் பொறவுதான் வந்தது."

"அத யாருவே பாத்தா? காரணம் இல்லாம காய்ச்சல் அடிச்சா சனம் எங்கிட்ட வரும், தண்ணித்தொட்டிய எட்டிப்பாக்கும். ஒரு காரணத்துக்குக் கொம்ப மாட்டி நிறுத்திட்டம்னா அது பொறத்தால போவும். பூதம் வேற சும்மாத்தான நிக்கி."

"அவங்கள ஊர விட்டே கெளப்பி விட்டுருவாங்கல்லா, பாவம்" என்றார் தளவாய்.

"கெளம்பட்டும். அவங்களோட காய்ச்சலும் கெளம்பிரும்."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். "நாளைக்கு காலைல ஏணி போடச் சொல்லிருக்கு, தளவாய். நீரு எழுதலன்னா மையத் தூக்கிட்டுப் போயி வேற எவனாவது எழுதுவான். கையெழுத்தாவது நல்லா இருக்கட்டுமேன்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தான் சொல்வது தன் காதிலேயே விழுந்து நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு தளவாய் கோமுவின் கட்டிலருகே உட்கார்ந்தார். அவளுடைய கை அடுப்பு மாதிரிச் சுட்டது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவர் நினைத்துப் பார்த்தார்: எழுதினால் உண்மையிலேயே இது போய்விடுமானால்? காய்ச்சல் என்றே எழுதிவிட்டால் என்ன என்றும் நினைத்தார். ஆனால் பசி என்று எழுதியபோது பசி போகவில்லையே, மாவு மூட்டை அளவுக்கு வளர்ந்ததல்லவா.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் கோமு கண்ணைத் திறக்காமல்.

"தெரியல."

"தெரியலன்னா அந்தச் சீசாவ மூடி வையுங்க."

கொல்லையில் மீனை உரசிக்கொண்டிருந்த முத்துப்பேச்சிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். அழவில்லை, கும்பிடவில்லை. "அண்ணாச்சி, எழுதுறதுன்னா ஒரே ஒரு உபகாரம். எம்பிள்ளைக்கு உச்சி இன்னும் மூடல. கொம்பு மொளைச்சா வலிக்குமான்னு மட்டும் அந்த ஒம்பதாங்கிளாஸ் பிள்ளையள்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. வலிக்கும்னா மொத நாளே கொஞ்சம் எண்ணெ வச்சு வைக்கணும்."

குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் உச்சந்தலையில் மெல்லிய தோலுக்கடியில் உயிர் துடிப்பதைத் தளவாய் பார்த்தார். அதற்குமேல் அவர் எதையும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் வண்டிகள் வெளியே நின்றன; உள்ளே ஊர் நின்றது. மின்வாரியத்து ஏணியைப் பூதத்தின் மேல் சாய்த்திருந்தார்கள். தளவாய் மைச்சீசாவோடு ஏறினார். பூதம் மூச்சை அடக்கி வயிற்றை அசையாமல் வைத்துக்கொண்டது, முடிவெட்ட உட்கார்ந்த பிள்ளை மாதிரி. அவர் தூரிகையைத் தோய்த்து முதல் எழுத்தைப் போட்டார். ஊர் 'ஆ' வரும் என்று காத்திருந்தது, வந்தது 'த'.

"தண்ணியோ?" என்றார் ஒருவர்.

"தரித்திரமா இருக்கும்."

"தலைவர்னு எழுதுதாரோ?" என்று சண்பகம் கேட்டதும் சிதம்பரவேல் ஓரடி முன்னால் வந்தார்.

தளவாய் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் பள்ளிக்கூடப் பலகையில் எழுதுகிற மாதிரி வட்டம் வட்டமாக எழுதி முடித்துவிட்டு நகர்ந்துகொண்டபோது வயிற்றில் 'தளவாய்' என்று இருந்தது.

ஏணியில் நிற்கும்போதே அவருக்குக் கொம்பு முளைத்தது. சாக்பீஸ் கொம்பு மாதிரி குட்டியாக இல்லை. முழ நீளம், வளைந்து, கடாவுடையதைப் போல. பூதத்துக்கோ கூன் விழுந்தது. இரண்டு முறை செருமியது. காதுக்குப் பின்னால் எதையோ தேடியது. "ஏவே, கோட்டி பிடிச்சிட்டா உமக்கு?" என்று சிதம்பரவேல் கத்தினார். தளவாய் மேலே இருந்தபடியே, "காய்ச்சல் மொதல்ல இவன் வீட்டுக்குத்தான் வந்தது. எழுதியாச்சு. வெரட்டுங்க" என்றார். கூட்டத்தில் எவனோ பழக்கதோஷத்தில் ஒரு கல்லை எடுத்து எறிந்தான். தளவாயின் தோளில் பட்டது. எறிந்தவனுக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும், அடுத்த கல் வரவில்லை.

அப்போதுதான் கோமு வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, முத்துப்பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோரடியாக வந்தாள். ஏறமுடியாமல் அவள் ஏணியைப் பார்த்து நின்றதும், தளவாய் ஏணியிலிருந்து இறங்கி அவளிடம் ஓடினார். பூதமும் சட்டென்று முழந்தாளிட்டு, தலையைத் தாழ்த்தி, கோமுவின் திட்டு வரப்போகிற திசையில் ஒரு காதைத் திருப்பிக்கொண்டது. அது தளவாயாகிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி ஊருக்குத் தேவைப்படவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் கோமு. "காய்ச்சல் யாருக்கு வந்தது? எனக்கு. எம்பேரு எங்க?" அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே 'கோமு' என்று எழுதினாள். அவளுக்கும் கொம்பு வந்தது. அவருடையது பாதியாகக் குறைந்தது.

எல்லாவற்றையும் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இசக்கிமுத்து, "எப்பா, கொம்பு பங்கு பிரியுது" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சவரக்கத்தியை மடித்து வைத்துவிட்டு வந்து தன் பெயரை எழுதினார். மாசானமுத்து எழுதினார். சண்பகம் எழுதினாள். முந்தின நாள் கையெழுத்தைப் பற்றிப் பேசிய ஆவுடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நல்ல கையெழுத்தில் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோருடைய கொம்பும் கொஞ்சம் சிறுத்தது. வேறொருவர் பெயரை எழுதப் பார்த்த ஒருவனின் கையைக் கோமு தட்டிவிட்டாள்: "அவனவன் பேர அவனவன் எழுதுங்க." அதுவே சட்டமாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஊர் ஊராக நடந்துகொண்டது. யார் முதலில் எழுதுவது என்று சண்டை வந்தது. கீழத்தெருக்காரர்கள், திருவிழாவில் முதல் மண்டகப்படி தங்களுடையது, ஆகவே நெஞ்சுக்கு நேரே தங்களுக்கே இடம் என்றார்கள். தேரடித் தெருவுக்குத் தொப்புள் கிடைத்ததில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது. கடைசியில் திருவிழா வரிசைப்படியே தெருத்தெருவாக, குளித்து, திருநீறு பூசி, வேதக்கோயில் தெருக்காரர்கள் ஜெபம் பண்ணிவிட்டு, பள்ளிவாசல் தெருக்காரர்கள் தொழுதுவிட்டு, மேளம் முன்னால் போக வந்து எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பிரிவும் சேர்ந்து வந்தார்கள். மை தீரத் தீரத் தளவாய் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சிதம்பரவேல் எல்லாரும் எழுதி முடித்த பிறகு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கணுக்காலில் சின்னதாக எழுதினார். அவரை யாரும் கேலி செய்யவில்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் அனுப்பியிருப்பதாக அவராகவே சொல்லிவிட்டுப் போனார்.

முத்துப்பேச்சி தூரிகையைக் கேட்டபோது தளவாய் கொடுக்கத் தயங்கினார். "உங்களுக்கு எதுக்கும்மா? உங்க பேரு வரக்கூடாதுன்னுதான இவ்வளவும்."

"ஊரு பேரெல்லாம் இருக்கு. எங்க பேரு மட்டும் இல்லைன்னா நாளைக்கு கொம்பில்லாதவ எவன்னு தேடிக்கிட்டு வருவாங்க. நகருங்க அண்ணாச்சி." அவளுக்கு எழுதத் தெரியாது. இடது காலில், ஒரு விரல் குறைந்திருந்த இடத்தில், ஒரு மீனை வரைந்தாள். அவள் பின்னால் வந்த ஆற்றங்கரைக்காரர்கள் சிலர் எழுதினார்கள், சிலர் மீன் வரைந்தார்கள், ஒருவர் செங்கல் வரைந்தார். குழந்தையின் விரலை மையில் தோய்க்கப்போன முத்துப்பேச்சியைக் கோமு தடுத்துவிட்டாள். "அது கெடக்கட்டும். அவன் பங்க நான் வச்சுக்கிடுதேன்." அன்றிலிருந்து பூதம் நொண்டவில்லை.

ஊர் முழுக்க ஒரே உடம்பில் சேர்ந்துவிட்டதால் பூதத்துக்கும் காய்ச்சல் வந்தது. ஜெபராணி கல்யாண மண்டபத்து அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தாள். அது குடித்தது, வேர்த்தது, எழுந்து உட்கார்ந்தது. அத்தனை பெரிய உடம்பு தேறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊர் தன் வீட்டு அடுப்பில் தண்ணீரை வைத்தது. கோமு தேறினாள். கஞ்சியில் உப்பு கூட என்று மறுபடி சண்டை பிடித்தாள்.

பூதம் வெயிலில் நாளுக்கு நாள் பழுத்தது. பழைய தாள் பழுப்பதைப் போலத்தான். ஓரங்கள் உதிரத் தொடங்கியபோது பெண்கள் மைதா பசை காய்ச்சிக் கொண்டுவந்து தாள் ஒட்டினார்கள். முதுகில் இருந்த கண்ணீர் அஞ்சலி அழிந்துகொண்டே வந்ததை இசக்கிமுத்து தினமும் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். ஐப்பசி மழை தொடங்கிய அன்று அது தானாக நடந்து ஆற்றங்கரைக்குப் போய், குடிசைகளுக்கு மேற்கே, வெள்ளம் வழக்கமாக ஏறிவரும் பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. மழையில் ஊறி ஊறி மேடாகியது. அந்த வருஷம் தண்ணீர் குடிசைக்குள் ஏறவில்லை. மேட்டில் இப்போது புல் முளைத்திருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் புல்லில் லேசாக மை வாசம் அடிப்பதாகச் சொல்கிறார்கள்.

கொம்புகள் உதிரவில்லை. மை அல்லவா. ஆனால் ஊர் முழுக்கப் பங்கு பிரிந்ததில் அவை முடிக்குள் மறைகிற அளவுக்குச் சிறுத்துப்போயின. எண்ணெய் தேய்க்கும்போது மட்டும் விரலுக்குத் தட்டுப்படும், ஒரு புளியங்கொட்டை அளவு. முத்தாலங்கோட்டைக்காரர்களுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது: யாரையாவது ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போது கை தானாகத் தலைக்குப் போகும். தளவாய் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பூதம் வரைகிறார். மதியம் மணி அடித்ததும் ஆவுடையப்பன் வார்த்தையைச் சொல்லுகிறார், இருவரும் தொலைபேசியை உடனே வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்; இருவர் கையும் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். சில நாள் வார்த்தை மாறும். சில நாள் மாறாது.

பங்குனித் திருவிழாவில் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆற்றங்கரை மண்டகப்படி என்று கோயிலில் எழுதிப் போட்டார்கள். அன்று காலையில் முத்துப்பேச்சி தன் பிள்ளைக்கு முதல் முடி இறக்கினாள். இசக்கிமுத்து மழித்து முடித்து, சந்தனம் பூசுவதற்கு முன்னால், அந்தச் சின்னத் தலையில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். முன்நெற்றி, உச்சி, இரண்டு பக்கமும். மண்டபத்தில் மேளம் நின்றது.

"ஒண்ணுமில்ல" என்றார். "வழவழன்னு இருக்கு. உச்சியும் மூடிட்டு."

ஊர் வரிசையில் வந்து அந்தத் தலையைத் தொட்டுப் பார்த்தது. மாசானமுத்து தொட்டார், சண்பகம் தொட்டாள், சிதம்பரவேல் துண்டை அவிழ்த்துவிட்டு வந்து தொட்டார். கல்பட்ட தழும்புக்காரப் பையன் இரண்டு தடவை தொட்டான். கோமு தொட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் வந்த தளவாய்க்குத் தொடக் கை வரவில்லை. குனிந்து பார்த்தபடியே நின்றார். குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. பிறகு கையை நீட்டி, அவர் முடிக்குள் துழாவி, அங்கே இருந்த மேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அது பிடித்துக்கொள்வதற்குத் தன்னிடம் ஏதோ ஒன்று இருந்ததே என்று தளவாய் அம்மனுக்கு நன்றி சொன்னார். அது தானாக விடும்வரை நிமிராமல் அப்படியே நின்றார்.